அடுப்பைக் காத்தவர் யார்?

தீயைக் கண்டவன் யாரென்று கேட்போர் பலர். கண்ட தீயை அளவோடு நிறுத்தியவன் யாரென்று கேட்போர் அரியர். குளிர்நாட்டு வீடுகளின் சுவரிலே பொருத்தப்படும் தெர்மோஸ்டாட் என்னும் சிறு கருவி இவ்வேலையை ஓசையின்றிச் செய்கிறது. ஜொகூரில் தோட்டத்துக் கிராணி வேலை பார்க்கும் நமக்கு அதைப் பற்றி என்ன கவலை என்று வாசகர் வினவலாம். வீட்டைச் சூடாக்கும் தேவை நமக்கில்லை, மெய்தான். ஆயினும், பால்மரத் தோட்டத்துப் புகைவீட்டை அறிந்தவர் அக்கருவியின் அருமையை எவரினும் நன்கறிவர்.

பாலை அமிலமிட்டு உறைய வைத்து, உருளையில் அழுத்தி, ஈர ஷீட்டுகளைப் புகைவீட்டுக் கழிகளில் தொங்கவிடுவர். நான்கைந்து நாள் அங்கே புகையும் வெப்பமும் ஏற வேண்டும். தொடக்கத்தில் ஏறத்தாழ 40 சென்டிகிரேட் பாகை. பின்னர்ப் படிப்படியாய் 60 வரை. அதற்கு மேற்சென்றால் ஷீட்டினுள் கொப்புளம் எழும். தணிந்தாலோ ஈரம் போகாது, பூசணம் பற்றும். வெளிச்சத்திற்கெதிரே தூக்கிப் பார்க்கையில் கொப்புளம் தெரிந்தால் தரமும் விலையும் இறங்கும். ஆகவே ஒருவன் இரவெல்லாம் விழித்திருந்து, விறகைத் தள்ளியும் இழுத்தும், காற்றுவழியைத் திறந்தும் அடைத்தும் காவல் புரிந்தான். நம் பாட்டனார் அவ்வேலை செய்தவர். கன்னத்திற்படும் அனலைக் கொண்டே சூட்டின் அளவைச் சொல்வாராம். சுவரிலிருந்த வெப்பமானியைத் துரைதான் படிப்பார். கொப்புளம் கண்ட காலையில் ஏச்சு வாங்கியவரோ பாட்டனார்!

இதே காவலுக்கு மேனாட்டார் கண்ட வழி யாது? 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் வாழ்ந்த டச்சுக்காரர் கொர்னேலிஸ் டிரெபெல், முட்டை பொரிக்கும் அடுப்பொன்றில், சூடேறிய திரவம் விரிந்து காற்றுவழியைத் தானே அடைக்குமாறு செய்தார். 1830இல் ஸ்காட்லாந்தின் ஆண்ட்ரூ யூர், இருவகை உலோகப் பட்டைகளை ஒட்டினால் சூட்டில் ஒன்று மிகுதியாய் நீண்டு பட்டை வளைவதைப் பயன்படுத்திக் கருவி அமைத்து, தெர்மோஸ்டாட் என்ற பெயரும் இட்டார். அமெரிக்காவில் விஸ்கான்சின் நாட்டு ஆசிரியர் வாரன் ஜான்சனின் கதை இன்னும் சுவையுடையது. பள்ளி ஊழியர் வகுப்பறைதோறும் நுழைந்து வெப்பமானியைப் பார்த்துப் பின் நிலவறைத் தீயைத் திருத்துவார், பாடமோ தடைப்படும். 1883இல் ஜான்சன் உரிமை பெற்ற கருவி, அறையின் நிலையை மணியடித்து நிலவறைக்கு உணர்த்திற்று. நடை குறைந்ததேயன்றித் தீக்காவலன் போகவில்லை. 1886இல் ஆல்பர்ட் பட்ஸ் உரிமை பெற்ற கருவியே அடுப்பின் காற்றுக்கதவைத் தானே அசைத்தது. ஜான்சனை நூல்கள் போற்றுகின்றன. அந்த ஊழியரின் பெயரை யார் எழுதினர்?

கருவி வந்தும் மயக்கம் தீரவில்லை. குறியை 30இல் வைத்தால் அறை விரைந்து சூடாகும் என்பார் பலர். அடுப்பு எரியும் வேகம் ஒன்றே. எங்கே நிற்பது என்பதை மட்டுமே குறி சொல்லும். மிகுதியாக வைத்தால் வீணாவது எரிபொருள். நம் அலுவலகத்தில் குளிர்சாதனத்தை 16க்கு இறக்குவோர் செய்வதும் இப்பிழையே. முதல்நாளே விறகை அடைத்தால் ஷீட் விரைவிற் காயாது, கெடும் என்று எழுத்தறியாப் பாட்டனார் அறிந்திருந்தார்.

1830இலேயே கண்ட கருவியிருக்க, 20ஆம் நூற்றாண்டில் எழுந்த நம் தோட்டங்களில் கைக்காவல் நெடுநாள் நீடித்ததேன்? கருவியைவிடத் தமிழனின் உறக்கம் மலிவாயிருந்தது என்பதே நம் துணிபு. 1965இல் மலேசியத் தர ரப்பர் முறை வந்தபின், பொடித்த ரப்பரை இயந்திர உலர்த்திகள் சில மணி நேரத்தில் காயவைத்துக் கட்டியாக்கின, புகைவீடுகள் அருகின, பால்மரம் நின்ற நிலத்தில் செம்பனையும் எழுந்தது. பாட்டனார் வேலையினின்று ஓய்ந்த நாள்வரை வெப்பமானியைப் படிக்க அவருக்கு எவரும் கற்பிக்கவில்லை.