காலங்கடந்து கற்ற சதுரங்கம்

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்னும் பழமொழியை நம்மவர் எல்லாத் துறைகளுக்கும் எடுத்தாளுவர். மொழிக்கும் இசைக்கும் அது பொருந்துவது போலவே சதுரங்கத்திற்கும் பொருந்தும் என்று கருதுவோர் பலர். அக்கருத்துக்குச் சான்றுகள் இல்லாமலும் இல்லை. கியூபா நாட்டுக் கப்பபிளாங்கா நான்கு வயதில், தந்தையார் ஆடுவதைப் பார்த்தே ஆட்டத்தை அறிந்துகொண்டவர் என்பர். சென்னையின் விசுவநாதன் ஆனந்துக்கு ஆறாம் வயதில் அன்னையார் காய் நகர்த்தக் கற்பித்தார். இத்தகைய செய்திகளைப் படித்த பின்னர், இளமையில் பலகையைத் தொடாத ஒருவர், இனி நமக்கு இவ்வாட்டம் வாய்க்காது என்று ஒதுங்கிவிடுவது இயல்பே. ஆனால் சதுரங்க வரலாற்றின் 19ஆம் நூற்றாண்டுப் பக்கங்களில் வேறொரு வரிசை மாந்தரும் காணப்படுகின்றனர். அவர்கள் வளர்ந்த பின்னர் கற்றவர்கள். தொழில் செய்துகொண்டே கற்றவர்கள். அவர்களுள் முதலில் எண்ணத்தக்கவர் ஒரு கப்பல் தலைவர்.

வில்லியம் டேவிஸ் எவன்ஸ் 1790இல் வேல்ஸ் நாட்டின் பெம்புரோக்குசயர் பகுதியில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோதே கடற்பணிக்குச் சென்றார். பள்ளிப் படிப்பு அவருக்கு நீண்ட காலம் கிட்டவில்லை. நெப்போலியப் போர்கள் முடிந்த பின், வேல்சின் மில்போர்டு துறைமுகத்திற்கும் அயர்லாந்தின் வாட்டர்போர்டுக்கும் இடையே அஞ்சல் சுமந்து சென்ற கப்பல்களில் பணியாற்றினார். அவர் சதுரங்கம் கற்றது 1818ஆம் ஆண்டளவில் எனக் கூறப்படுகிறது. அப்போது அவருக்கு அகவை 28. ஆசிரியர் என்று எவரும் வாய்க்கவில்லை. ஹாரி வில்சன் என்னும் கடற்படை அதிகாரி ஒருவரே தோழராக வாய்த்தார். இருவரும் அடிக்கடி ஆடினர்.

புகழ்பெற்ற ஆசானிடம் சென்று நாள்தோறும் தோற்பதைவிட, ஏறத்தாழத் தமக்கு நிகரான ஒருவருடன் ஓயாமல் ஆடுவது வயது வந்த மாணவனுக்கு உகந்தது என்று இதிலிருந்து எண்ணத் தோன்றுகிறது. குழந்தை தோல்வியை மறந்து விளையாடச் சென்றுவிடும். வளர்ந்தவனுக்குத் தோல்வி நெஞ்சில் தங்கும். வெற்றியும் தோல்வியும் மாறி மாறி வந்தாலன்றி அவன் மீண்டும் பலகையின் முன் அமரமாட்டான்.

1824ஆம் ஆண்டளவில், கப்பற் பணியில் இருந்த காலத்திலேயே, எவன்சின் உள்ளத்தில் ஒரு புதிய எண்ணம் தோன்றிற்று. அந்நாளில் பரவலாக ஆடப்பட்ட இத்தாலியத் தொடக்கத்தில், இரு தரப்பாரும் அரசனுக்கு முன்னுள்ள காலாளை இரு கட்டம் நகர்த்துவர். பின்னர்க் குதிரையையும் மந்திரியையும் வெளியே கொணர்வர். அதன்பின் ஆட்டம் பெரும்பாலும் மெல்ல நகரும். எவன்சோ, அரசியின் பக்கத்துக் குதிரைக்கு முன்னுள்ள காலாளை இரு கட்டம் தள்ளி, எதிரியின் மந்திரி அதனை வெட்டுமாறு வலிந்து நீட்டினார். மந்திரி வெட்டியவுடன், பக்கத்துக் காலாள் ஒரு கட்டம் முன்னேறி அம்மந்திரியைத் துரத்துகிறது. மந்திரி ஓடி ஒளியும் நேரத்தில் வெள்ளையின் காலாட்கள் பலகையின் நடுவைப் பிடித்துக்கொள்கின்றன. காய்களுக்கு வழிகள் திறக்கின்றன. இழந்தது ஒரு காலாள், பெற்றது நேரம். 'எவன்ஸ் காம்பிட்' என உலகம் அழைப்பது இதனைத்தான். காம்பிட் எனப்படுவது, ஆட்டத்தின் தொடக்கத்திலேயே காயைப் பலி கொடுத்துத் தாக்கும் முறையாகும்.

இது நூலறிவால் பிறந்த கண்டுபிடிப்பு என்று தோன்றவில்லை. தாக்கி ஆடுவதில் இன்பம் கண்ட ஒருவர், அவ்வின்பம் விரைவில் வந்து சேர வழி தேடியதன் பயனாகவே இது தோன்றுகிறது. பல தொடக்கங்களை மனப்பாடம் செய்ய எவன்சுக்கு ஓய்வு இருந்திராது. தமக்குப் பிடித்த ஒரே நிலையைத் திரும்பத் திரும்ப ஆராய்ந்தார்; அந்நிலையில் அவரை வெல்வது அரிதாயிற்று. இலண்டனில் மிக வலிய ஆட்டக்காரராக மதிக்கப்பட்ட அலெக்சாண்டர் மெக்டோனலுடன், 1820களின் பிற்பகுதியில் அவர் ஆடிய ஓர் ஆட்டம் இன்றும் கிடைக்கிறது. அதில் எவன்ஸ் தம் முறையைக் கையாண்டு, இருபதாவது நகர்த்தலில் மெக்டோனலின் அரசனை முடக்கினார். தோற்றவர் சினங்கொள்ளவில்லை, அம்முறையைத் தாமே கற்றுக்கொண்டார். 1832இல் வில்லியம் லூயிஸ் தம் நூலில் அதனை வெளியிட்டார். 1834இல் மெக்டோனலும் பிரான்சின் லாபூர்தொனேயும் 85 ஆட்டங்கள் மோதியபோது, இருவருமே எவன்சின் முறையை ஒருவர்மேல் ஒருவர் ஏவினர்.

எவன்ஸ் முதல்தர வீரர் ஆனாரா எனின், இல்லை. அவர் அதற்கு முயன்றதாகவும் தெரியவில்லை. முயன்று சிகரத்தையே அடைந்த ஒருவரை அவரருகில் நிறுத்திப் பார்த்தல் தகும்.

ஹோவர்டு ஸ்டாண்டன் 1810இல் பிறந்தவர் என்பர். சதுரங்கத்தில் முழுமனத்துடன் ஈடுபட்டது 1836இல், ஏறத்தாழ 26ஆம் அகவையில். அக்காலத்து இலண்டனில் தாமதமாகக் கற்பவனுக்கு உதவிய ஒரு நல்வழக்கம் இருந்தது. வலியவர் எளியவருடன் ஆடும்போது காய் விட்டுக்கொடுத்து ஆடுவார். வேறுபாடு சிறிதாயின், தம் காலாள் ஒன்றை எடுத்து வைத்துவிட்டு முதல் நகர்த்தலையும் எதிரிக்குத் தருவார். வேறுபாடு பெரிதாயின் குதிரையையோ யானையையோ, சிலவேளை அரசியையே எடுத்து வைப்பார். இதனால் எளியவனுக்கு ஒவ்வோர் ஆட்டத்திலும் வெல்லும் வாய்ப்பு இருந்தது. வலியவருக்கும் ஆட்டம் சலிக்கவில்லை. நேற்று குதிரை பெற்றவன் இன்று காலாள் மட்டும் பெறுகிறான் என்பதே அவன் முன்னேற்றத்தின் அளவுகோல். வகுப்பறையில் வலிய மாணவனையும் மெலிந்த மாணவனையும் ஒரே தேர்வில் நிறுத்தும் ஆசிரியர்கள் இவ்வழக்கத்தைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம். போட்டிகளில் இம்முறை பிற்காலத்தில் அருகி மறைந்தது. வலிமையை எண்ணால் குறிக்கும் தரப்புள்ளி முறையை உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970இல் ஏற்றது. எண் வலிமையைச் சொல்லும், எளியவனை மகிழ்விக்காது.

1838இல் ஸ்டாண்டன் எவன்சுடனும் பல ஆட்டங்கள் ஆடினார். அதே ஆண்டில் ஆரோன் அலெக்சாந்தருடன் ஆடித் தோற்றார். 1840இல் பாப்பர்ட் என்னும் செர்மானியரை வென்றார். 1841இல் சதுரங்க இதழ் ஒன்றைத் தொடங்கினார். பிறர் ஆட்டங்களுக்கு விளக்கம் எழுதுவது அவர் ஆட்டத்தையும் கூர்மைப்படுத்தியிருக்க வேண்டும்; கற்பிப்பவன் இருமுறை கற்கிறான் அன்றோ? 1843 நவம்பர், திசம்பர் மாதங்களில் பாரிசு நகரின் கஃபே டி லா ரெஜான்சில் பிரான்சின் செந்தமானை 21 ஆட்டங்களில் சந்தித்து, 11 வென்று, 6 தோற்று, 4 ஐச் சமன் செய்தார். 26இல் தொடங்கியவர், ஏழே ஆண்டுகளில் ஐரோப்பாவின் தலைசிறந்த வீரராகப் போற்றப்பட்டார்.

அதன்பின் நடந்தவை அவ்வளவு இனியவை அல்ல. 1844இல் மறுபோட்டிக்காகப் பாரிசு சென்றவர் நுரையீரல் அழற்சியால் உயிருக்குப் போராடினார், போட்டி நடைபெறவில்லை. 1851இல் இலண்டனில் நடந்த முதல் பன்னாட்டுப் போட்டியை அமைக்கும் சுமையையும் ஆடும் சுமையையும் ஒருங்கே தாங்கினார். செர்மானிய ஆசிரியரான ஆண்டர்சன் அவரை வென்று முதலிடம் பெற்றார், ஸ்டாண்டன் நான்காமவரானார். மறு ஆண்டு வெளிவந்த அவருடைய போட்டி நூலில் கசப்பு மிகுந்திருந்தது. தம்மை வென்ற எலைஜா வில்லியம்சு வேண்டுமென்றே காலந்தாழ்த்தி ஆடினார் என்று குறைகூறினார். பின்னர் அவர் உழைப்பில் பெரும்பங்கு சேக்சுபியர் பதிப்பிற்குச் சென்றது. எவன்ஸ் எட்டாத உயரத்தை எட்டியவர், எவன்ஸ் இறுதிவரை வைத்திருந்த மகிழ்ச்சியை வழியில் எங்கோ தவறவிட்டார் என்றே கூற வேண்டியுள்ளது.

1840களின் தொடக்கத்தில் ஸ்டாண்டனுடன் மிகப் பல ஆட்டங்கள் ஆடியவர் ஜான் காக்ரேன். இவர் கல்கத்தாவில் வழக்கறிஞர். விடுப்பில் இலண்டன் வந்திருந்தார். கல்கத்தா திரும்பிய பின் அவருக்கு நிகரான எதிரி கிடைப்பது அரிதாக இருந்தது. அவ்வெற்றிடத்தை நிரப்பியவர் வங்கத்து அந்தணரான மகேசசந்திர பானர்ஜி. நம் நாட்டு முறைச் சதுரங்கத்தில் தேர்ந்த அவர், வளர்ந்த பின்னரே ஐரோப்பிய விதிகளைப் பழகினார். இவ்விரு முறைகளின் வேறுபாடு சிறிதன்று. நம் நாட்டு முறையில் காலாள் முதல் நகர்த்தலிலும் ஒரு கட்டமே செல்லும். ஐரோப்பியர் போல் கோட்டை கட்டும் வழக்கம் இல்லை. அதற்கு மாற்றாக அரசன் ஒரே ஒருமுறை குதிரை போல் தாவலாம். கைப்பழக்கம் முழுவதையும் மாற்றிக்கொள்வது, ஒன்றும் அறியாதவன் கற்பதைவிடக் கடினம்.

ஆயினும் மகேசசந்திரர் பழையதை முற்றும் துறக்கவில்லை. காலாட்களை மெல்ல நகர்த்தி, மந்திரியைப் பக்கவாட்டில் ஒதுக்கி, நெடுங்கோண வழியில் நோக்கவிடும் தம் நாட்டுப் பாங்கை ஐரோப்பியப் பலகையிலும் கையாண்டார். 1848இல் காக்ரேன், நான்காம் நகர்த்தலிலேயே இரு காலாட்களுக்காகக் குதிரையைப் பலியிட்டு அவரைத் தாக்கிய ஆட்டம், 'காக்ரேன் காம்பிட்' என்னும் பெயருக்குக் காரணமாயிற்று. 1855இல் மகேசசந்திரர் கறுப்புக் காய்களுடன் கையாண்ட ஒரு தொடக்கத்தை, வியன்னாவின் எர்ன்சுடு குருன்பெல்டு 1922இல் கையாண்டபோதுதான் உலகம் வியந்து அவர் பெயரைச் சூட்டிற்று. தோல்விகள் மகேசசந்திரருக்குக் குறைவாக நேரவில்லை. இருவரும் ஆடுவதை நிறுத்தவுமில்லை. 1850களிலும் அவர்தம் ஆட்டங்கள் தொடர்ந்தன. பக்கவாட்டில் மந்திரியை வைத்துக் காக்கும் தடுப்பு முறைகள் பலவற்றிற்கு 'இந்தியத் தடுப்பு' என்று வழங்கும் பெயரை அவருடைய ஆட்டங்களோடு தொடர்புபடுத்துவர்.

எவன்ஸ் முதுமையில் வறுமையுற்றார். சதுரங்க அன்பர்கள் அவருக்காக நிதி திரட்டினர். 1872இல் பெல்சியத்தின் ஆஸ்டெண்டு நகரில் காலமானார். அவருடைய கல்லறையில் கப்பற்பணியும், இரவில் கப்பல்கள் மோதாமல் காக்கும் மூவண்ண விளக்கு முறையை வகுத்த செய்தியும் முதலில் பொறிக்கப்பட்டுள்ளன. காம்பிட் அவற்றின் பின்னரே இடம்பெறுகிறது.

அம்முறை வழக்கொழிந்தது என்று பெருவீரர்கள் கருதியிருந்த நிலையில், 1995இல் லாத்வியாவின் ரீகா நகரில் உலக வாகையர் காஸ்பரோவ் அதனைக் கையில் எடுத்தார். எதிரில் அமர்ந்திருந்தவர் ஆறு வயதில் கற்ற நம் ஆனந்த். அஞ்சற் கப்பலின் தலைவர் கண்ட அத்தொடக்கத்தின்முன், ஆனந்த் இருபத்தைந்தாவது நகர்த்தலில் தோல்வியை ஒப்புக்கொண்டார்.