பெட்டியும் குரலும்: நாஞ்சில் நாட்டில் ஆர்மோனியம் முதல் கீபோர்டு வரை

முன்னுரை

அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல் இசை தேவாலயத்திலிருந்து வந்தது. 1935இல் சந்தைக்கு வந்த ஹாம்மண்ட் மின் ஆர்கனைக் கறுப்பினச் சபைகள் விரும்பி வாங்கின. பாடுகிறவர் ஒரு வரியை முடித்து மூச்சு வாங்கும் இடைவெளியில் ஆர்கன் பதில் சொல்லும். 1954இல் ரே சார்லஸ் அந்த வழிபாட்டு முறையை அப்படியே காதல் பாட்டுக்குக் கொண்டுபோனார். டெட்ராய்ட் போதகரின் மகளான அரீத்தா பிராங்க்ளின் பியானோவைத் தானே வாசித்துப் பாடினார். புக்கர் டி. ஜோன்ஸின் ஆர்கன் 1962இல் குரலே இல்லாமல் ஒரு பாட்டை நாடெங்கும் கொண்டுசேர்த்தது. பிறகு வந்த ஃபங்க் இசையிலும் கீபோர்டு கலைஞர் முன்வரிசையில்தான் இருந்தார். எழுபது வயதிலும் அத்தகைய கலைஞர்கள் தம் பெயரில் ஆல்பம் வெளியிடுவது அங்கே உண்டு.

தேவாலயம், கட்டை வாத்தியம், கேட்போரை உருக்கும் குரல் ஆகிய மூன்றும் நாஞ்சில் நாடு அடங்கிய கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகவே உண்டு. ஆனாலும் ஆர்மோனியப் பெட்டி வாசிப்பவரை முன்னிறுத்தும் ஆல்பம் என்ற மரபு இங்கே வேர்விடவில்லை. இதற்குத் திறமைக் குறைவு காரணமல்ல. குரலுக்குப் பதில் சொல்லும் இடத்தில் இங்கே ஏற்கெனவே மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தேவாலயத்தில் இரண்டு இலக்கணம்

லண்டன் மிஷன் போதகர் ரிங்கல்தௌபே 1806இல் மயிலாடிக்கு வந்தார். அந்த மிஷனின் பணி 1818இல் சார்லஸ் மீட் காலத்தில் நாகர்கோவிலை மையமாகக் கொண்டது. இச்சபைகளின் வழிபாட்டில் இரண்டு வகைப் பாட்டுகள் நிலைபெற்றன. ஒன்று பாமாலை: மேல்நாட்டு மெட்டில் அமைந்த மொழிபெயர்ப்புப் பாட்டு. மற்றொன்று கீர்த்தனை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றோர் கர்நாடக ராகங்களில் எழுதிய இவற்றை மிஷனரி எட்வர்ட் வெப் 1853இல் தொகுத்து அச்சிட்டார். கீர்த்தனைப் புத்தகத்தில் பாட்டின் தலைப்பிலேயே ராகமும் தாளமும் இருக்கும்.

பாரிஸில் அலெக்சாந்தர் தெபேன் 1842இல் காப்புரிமை பெற்ற ஆர்மோனியம், காலால் மிதித்துக் காற்றூதும் கருவி. இரண்டு கைக்கும் வேலை உண்டு; ஆகவே நான்கு குரல் ஒத்திசைக்கு அது பொருந்தும். பாமாலைக்கு வாசிக்கும்போது கால் ஆர்மோனியம் இந்த இலக்கணத்தைப் பின்பற்றியது. கீர்த்தனைக்கு வந்ததும் அதே விரல்கள் பாடுகிறவரின் மெட்டை ஒற்றைக் கோடாகத் தொடர்ந்தன. பல்லவியைத் திரும்பப் பாடுபவர்கள் சபையார். பதில் அவர்களிடமிருந்து வந்துவிட்டபடியால் பெட்டி தனியே பதில் சொல்லத் தேவையிருக்கவில்லை.

கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் 1875 வாக்கில் உருவாக்கிய கைப்பெட்டி இந்தப் போக்கை உறுதிசெய்தது. இடக்கை துருத்தியை இயக்க வேண்டும். மெட்டுக்கு எஞ்சியது வலக்கை மட்டுமே. தரையில் உட்கார்ந்து, பாடிக்கொண்டே வாசிக்க வசதியான இந்தப் பெட்டி பஜனைக்கும் வீட்டு ஜெபத்துக்கும் சமமாகப் போய்ச் சேர்ந்தது.

வில்லும் மேடையும்

நாட்டார் தெய்வக் கோயில்களின் கொடை விழாக்களில் நடக்கும் வில்லுப்பாட்டில் இந்த அமைப்பு இன்னும் தெளிவாகத் தெரியும். வீசுகோலால் வில்லைத் தட்டிக் கதை சொல்லும் புலவரும் அவருடைய துணையும் வலத்தே பாடுவோர். அவர் வரியை வாங்கித் திருப்பிப் பாடுவோர் இடத்தே பாடுவோர். குடம், உடுக்கு, ஜால்ரா, கட்டை ஆகியவை தாளத்தைப் பார்த்துக்கொள்ளும். கேள்வியும் பதிலுமாக நகரும் இம்முறை, கறுப்பினத் தேவாலயப் பாட்டுக்கு மிக நெருக்கமானது. பிற்காலத்தில் ஆர்மோனியம் இக்குழுவுக்குள் வந்தபோது, சுருதி சேர்ப்பதும் பாட்டைத் தொடர்வதும்தான் அதற்கு மிஞ்சிய வேலை.

நாடக மேடையில் நிலைமை சற்று மாறியது. பின்பாட்டுப் பாடிக்கொண்டே இடைவெளிகளை விரைவான சங்கதிகளால் நிரப்பும் ஆர்மோனியக் கலைஞர் அங்கே முக்கியமானவர். அன்று திருவிதாங்கூரில் இருந்த செங்கோட்டையின் நாடக நடிகர் எஸ். ஜி. கிட்டப்பாவுக்கு (1906–1933) அண்ணன் காசி ஐயர் ஆர்மோனியம் வாசித்தார். குரலும் பெட்டியும் சமமாக எதிர்நின்ற இணையென்று தென்னாட்டில் சொல்லத்தக்கது இது. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளிடம் பயின்ற டி. கே. எஸ். சகோதரர்கள் 1925இல் தொடங்கிய பாலசண்முகானந்த சபையில்தான் நாகர்கோவில் ஒழுகினசேரியின் என். எஸ். கிருஷ்ணன் (1908–1957) சேர்ந்தார். வில்லுப்பாட்டின் கேள்வி–பதிலைச் சென்னை மேடைக்கும் திரைக்கும் எடுத்துச் சென்றவர் அவர். அவரிடமும் பதில் சொன்னது மனிதக் குரல்தான்.

வானொலியும் திரையும்

மேடையில் கிடைத்த இந்த மதிப்பு வானொலியில் கிடைக்கவில்லை. கட்டைகளின் நிலையான சுருதி கமகத்துக்கு ஒவ்வாது என்ற வாதத்தின்பேரில் அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தை விலக்கியது; 1971 வாக்கில்தான் தடை தளர்ந்தது. பாட்டுக்குரிய மரியாதை ஒலிபரப்பால் தீர்மானிக்கப்பட்ட அந்த முப்பது ஆண்டுகளில், பெட்டிக் கலைஞர் தனி வித்துவானாக அறியப்படும் வாய்ப்பு பெரிதும் அடைபட்டது.

திரையிசையில் ஆர்மோனியம் மெட்டமைக்கும் கருவியாக மறைவில் வாழ்ந்தது. நாகர்கோவில் கிருஷ்ணன்கோவிலில் 1918இல் பிறந்த கே. வி. மகாதேவன் இதற்குத் தெளிவான சான்று. எழுதி முடித்த பாட்டுக்கு மெட்டுப் போடுவதையே அவர் விரும்பினார். சொல் முதலில், குரல் அடுத்து, வாத்தியம் அதன் பின் என்ற நாஞ்சில் வரிசை அது. சிறந்த இசையமைப்பாளருக்கான தேசிய விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது, ‘கந்தன் கருணை’க்காக அதைப் பெற்றவர் அவர்; ‘சங்கராபரணம்’ அதை இரண்டாம் முறை பெற்றுத் தந்தது. இரண்டுமே குரலின் ஆட்சி நடக்கும் படங்கள்.

நாஞ்சில் நாட்டுக்கு மேற்கே திருவட்டாற்றில் பிறந்த கமுகற புருஷோத்தமன் (1930–1995) பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே மலையாளத் திரையில் பாடினார். 1964இல் ‘பார்கவி நிலையம்’ படத்தில் அவர் பாடிய பாட்டுக்கு இசையமைத்த எம். எஸ். பாபுராஜ் பேர்பெற்ற ஆர்மோனியக் கலைஞர். ஆனால் கேட்பவர் நினைவில் அந்தப் பாட்டு கமுகறயின் குரலாகவே நிற்கிறது.

கீபோர்டு வந்த பின்

மின் கீபோர்டு இடக்கையைத் துருத்தியிலிருந்து விடுவித்தது. இளையராஜாவின் இசைக்குழுவில் விஜி மேனுவல் போன்றோரின் விரல்களில் ஃபங்க் தாளமும் ஜாஸ் ஒத்திசையும் தமிழ்ப் பாட்டுக்குள் இயல்பாக வந்தன. அங்கே வாசித்தவர்களில் ஒருவரான ஏ. ஆர். ரகுமான் 1992இல் ‘ரோஜா’ மூலம் கீபோர்டையே முழு இசைக்குழுவாக்கினார். நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்துத் தேவாலயங்களிலும் மெல்லிசைக் குழுக்களிலும் கால் ஆர்மோனியத்தின் இடத்தைக் கீபோர்டு பிடித்தது. ஆனால் பெயர் போடும் வழக்கம் மாறவில்லை. 1969இல் பீட்டில்ஸ் தம் இசைத்தட்டின் மேலேயே பில்லி பிரெஸ்டன் பெயரைச் சேர்த்தார்கள். கீபோர்டு வாசித்தவருக்குக் கிடைத்த மரியாதை அது. நம் பாட்டுப் புத்தகங்களும் ஒலிநாடாக்களும் பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்ற மூன்று பெயரோடு நின்றன.

முடிவுரை

நாஞ்சில் நாட்டுக் கட்டை வாத்திய மரபு குரலைத் தொடரும் மரபாகவே வளர்ந்தது. சபையார், இடத்தே பாடுவோர், பின்பாட்டுக்காரர் ஆகியோர் பதில் சொல்லும் பொறுப்பை ஏற்றிருந்ததே அதன் முதற்காரணம். கைப்பெட்டியின் அமைப்பும் வானொலித் தடையும் துணைக்காரணங்கள். எனவே இங்கே பெட்டியை முன்னிறுத்தும் ஆல்பம் தோன்றாததைக் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. கவலைக்குரியது வேறொன்று: கீர்த்தனைக்கும் கொடைக்கும் ஆயுள் முழுதும் பெட்டி வாசித்த முதியவர்களின் வாசிப்பு பெயரோடு பதிவாகவில்லை. 1984இல் நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் தொடங்கப்பட்ட ஊர் நாகர்கோவில். அந்த நிலையமும் சபைகளும் மாவட்டத்துக் கல்லூரிகளும் சேர்ந்து, குரலோடு பெட்டியையும் முன்னிறுத்தி, வாசித்தவர் பெயரை முதல் வரியில் போட்டு இவர்களைப் பதிவுசெய்ய வேண்டும்.