முகக்கவசம் கழற்றிய மே மாதம்

2003 ஆம் ஆண்டு சார்ஸ் நோய் ரொறன்ரோவுக்கு வந்த கதை பலருக்கும் தெரியும். "முடிந்துவிட்டது" என்று அறிவித்த பின்னர் நடந்தது பலருக்கு நினைவில் இல்லை. இன்று அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

பெப்ரவரியில் ஹொங்கொங்கிலிருந்து திரும்பிய ஒரு மூதாட்டியோடு நோய் வந்தது. எங்கள் மக்கள் செறிந்து வாழும் ஸ்காபரோவில், கிரேஸ் வைத்தியசாலையில் அது பரவியது. மார்ச் 26 இல் ஒன்ராறியோ அரசு அவசரகால நிலையைப் பிரகடனம் செய்தது. வைத்தியசாலைகளில் பார்வையாளர்கள் தடுக்கப்பட்டார்கள். அவசரமற்ற சத்திரசிகிச்சைகள் பின்போடப்பட்டன. தாதியர் முகக்கவசமும் மேலங்கியும் அணிந்தே வேலை செய்தார்கள்.

ஏப்ரல் 23 இல், ரொறன்ரோவுக்கான பயணங்களைத் தவிர்க்குமாறு உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது. ஒரு வாரத்தில் அது நீக்கப்பட்டாலும், ஹோட்டல்களும் கடைகளும் வெறிச்சோடின. வழமை நிலைக்குத் திரும்ப எல்லோரும் அவசரப்பட்டார்கள். மே 14 இல் நோய் பரவும் இடங்களின் பட்டியலிலிருந்து நகரம் நீங்கியது. மே 17 இல் அவசரகால நிலையும் முடிந்தது. வைத்தியசாலைகளில் கட்டுப்பாடுகள் தளர்ந்தன, முகக்கவசங்கள் கழன்றன.

ஆனால் நோர்த் யோர்க் பொது வைத்தியசாலையின் எலும்புச் சிகிச்சைப் பிரிவில் நோய் ஒளிந்திருந்தது. சத்திரசிகிச்சை செய்த வயோதிபர்களுக்குக் காய்ச்சலும் நியூமோனியாவும் வருவது வழமைதானே! தெரிந்த சார்ஸ் நோயாளியுடன் தொடர்பு இருந்தால்தான் அது சார்ஸ் என்று கருதப்பட்ட காலம் அது. சில நோயாளிகளைப் பார்த்துத் தாதியர் சந்தேகம் எழுப்பினார்கள். சார்ஸ் அல்ல என்றே பதில் வந்தது.

மே 20 இல் வேறொரு மறுவாழ்வு வைத்தியசாலையில் ஐந்து பேருக்குக் காய்ச்சல் என்று தெரிய வந்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. மே 26 இல் ரொறன்ரோ மீண்டும் பட்டியலில் ஏறியது. ஜூலை 2 இல்தான் இறங்கியது. இரு அலைகளிலுமாக ஒன்ராறியோவில் 44 பேர் மாண்டனர். அவர்களுள் இருவர் தாதியர், ஒருவர் வைத்தியர்.

இதை விசாரித்த நீதிபதி ஆர்ச்சி கேம்பலின் இறுதி அறிக்கை 2007 ஜனவரியில் வெளியானது. ஆபத்தைக் குறைக்க, விஞ்ஞானம் முழுமையாக நிரூபிக்கும் வரை காத்திருக்கக் கூடாது என்பதே அதன் சாரம்.

நேயர்களே, கட்டுப்பாட்டை என்றோ ஒருநாள் தளர்த்தத்தான் வேண்டும். ஆனால் அந்த நாளில்தான் கூடுதல் கவனம் வேண்டும். நோயாளியின் கட்டிலருகே நிற்பவரின் சொல்லுக்குக் காது கொடுக்கவும் வேண்டும்.