மாரியும் மனையும்

உறைபனி பொழியும் நாடுகளிலே உழவனின் ஆண்டு இரு கூறாகப் பிரிந்து கிடக்கிறது. கோடையிலே அவன் விறகு அடுக்குவான், புல்லை உலர்த்துவான், தானியத்தைச் சேர்த்து வைப்பான். பனிக்காலத்திலே அவற்றைக் கொண்டு தானும் தன் கால்நடைகளும் உயிர் தரிக்கப் பார்ப்பான். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே உறைபனி பெய்வதில்லை. எனினும் எமது கிராமங்களுக்கும் அத்தகைய அடைபட்ட காலம் ஒன்று உண்டு. அதுவே மாரி. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை வடகீழ்ப் பருவக்காற்றோடு வரும் மழையே எமது ஆண்டு மழையின் பெரும்பகுதி. அம்மாதங்களை எம் முன்னோர் எவ்வாறு கடந்தனர் என்று ஆராயின், அது வானிலையின் வரலாறாக மட்டும் அமையாது. எமது சமூகத்தின் வரலாறாகவும் அமையும்.

மாரிக்கான ஆயத்தம் மழைக்குச் சில மாதங்கள் முன்னரே தொடங்கிவிடும். ஆடி, ஆவணியிலே பனையோலை வெட்டி, மிதித்து அடுக்கி, புரட்டாதி கழிவதற்குள் கூரை வேய்ந்து முடிப்பர். தென்னோலைக் கிடுகு பின்னி வேலி அடைப்பர். கழித்த பழைய ஓலையும் வீண்போகாது. அது தோட்டத்து மண்ணுக்குப் பசளையாகும். பனம்பழக் களியைப் பாயிலே ஊற்றி வெயிலில் உலர்த்திப் பனாட்டாக்குவர். மாசி, பங்குனியில் கிழங்கைக் கிழித்து உலர்த்திய ஒடியல் ஏலவே வீட்டிலே காத்திருக்கும். மாட்டுக்கு வைக்கோற் போர். அடுப்புக்குக் காய்ந்த மட்டையும் ஊமலும்.

இவ்வளவும் எதற்காக? குடாநாட்டு நெல் பெரும்பாலும் வானத்தை நம்பிய ஒரே போகம். மழையை எதிர்பார்த்து விதைத்த பயிர் தை, மாசியிலேதான் அறுவடையாகும். ஆகவே மழை கொட்டும் கார்த்திகையும் மார்கழியும், பழைய நெல் தீர்ந்து புதிய நெல் வந்து சேராத மாதங்கள். அக்காலத்திலே வாடைக்காற்றில் வடகரைக் கடல் கொந்தளிக்கும்; தோணிகள் கரையேறிக் கிடக்கும். வெள்ளம் நிற்கும் நிலத்திலே கூலி வேலையும் அரிது. ஒடியற் கூழ் இன்று விருந்துக்குரிய சுவைப் பண்டமாகப் பேசப்படுகிறது. அது ஒரு காலத்திலே ஏழையின் பசியைத் தணித்த உணவு என்பதை நாம் மறத்தலாகாது.

இங்கே ஒரு வினா எழுகிறது. இந்த ஆயத்தங்களையெல்லாம் செய்தவர் யார்? யாழ்ப்பாணத்தவரின் சிக்கனத்தையும் முன்யோசனையையும் பெருமையாகப் பேசுவோர், வளவின் சொந்தக்காரனையே எமக்குக் காட்டுகின்றனர். பனையேறி ஓலை வெட்டியவரும், கூரை வேய்ந்தவரும், வேலி அடைத்தவரும், குளத்திலே சேறு வாரியவரும் பெரும்பாலும் அவ்வளவுக்கு உரியவரல்லர். 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமை, முதுசத்துக்கும் சீதனத்துக்கும் விதி கூறியது போலவே அடிமைகளுக்கும் விதி கூறிற்று. 1844இல் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆயினும் விடுதலை பெற்றவருக்கு அச்சட்டம் நிலம் வழங்கவில்லை. பிறர் வளவின் ஓரத்திலும், நீர் தேங்கும் பள்ளக் காணியிலும் கொட்டிலிட்டு வாழ்வதே அவருட் பலருக்கு விதிக்கப்பட்டது. ஊரார் கூரைகளை வேய்ந்து முடித்த பின்னரே தம் கூரைக்கு அவர்கள் ஏற முடிந்தது. மழை அதுவரை காத்திருப்பதில்லை.

நீரின் கதையும் இத்தகையதே. குடாநாட்டிலே வற்றாத ஆறு எதுவும் இல்லை. சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகள் வழியே இறங்கும் மழைநீர், நிலத்தடியிலே உவர்நீரின் மேல் ஒரு வில்லை போல மிதந்து நிற்கிறது. எமது கிணறுகள் அதனையே நம்பியிருக்கின்றன. மாரியிலே நிலம் குடிக்காத நீர் கோடையிலே எமக்குக் கிடையாது. ஆனால் அந்நீரை எல்லாரும் ஒரே விதமாகப் பெற்றாரல்லர். மாரியிலே வெள்ளம் ஏழையின் கொட்டிலுக்குள் அழையாமலே புகுந்தது. கோடையிலோ அதே நீர் கட்டுக் கிணற்றுக்குள் நின்று சாதி கேட்டது. குளத்துச் சேற்றை வாரிய கைகள் துலாக்கயிற்றைத் தொடலாகாதென விலக்கப்பட்டன. யாரேனும் வந்து வார்க்கும்வரை வெறுங்குடத்தோடு காத்து நின்ற பெண்களைக் கண்ட முதியோர் இன்னும் எம்மிடையே வாழ்கின்றனர். இக்கொடுமையைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இலேதான் வந்தது. அது ஏட்டை விட்டு ஊருக்குள் நடந்து வருவதற்கு மேலும் பல போராட்டங்கள் வேண்டியிருந்தன.

எனினும் பழைய ஒழுங்கிலே நாம் கைவிடத் தகாத அறிவு ஒன்றுண்டு. வெள்ளம் ஒரு தனி வீட்டின் பிரச்சினையன்று என்பதே அது. குடாநாடெங்கும் ஏறத்தாழ ஆயிரம் குளங்கள் அமைந்திருந்தன. வெள்ளவாய்க்கால்கள் ஒரு குளத்தின் மிகுதியை மறு குளத்துக்குக் கொண்டு சென்றன. அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய் வழியே வரும் வழுக்கியாறு, மாரியில் மட்டும் ஓடி அராலியில் கடனீரேரியைச் சேர்கிறது. ஒருவன் தன் வாசலை மண்ணிட்டு உயர்த்தினால் அயலானது அடுப்பிலே வெள்ளம் ஏறும் என்பதை ஊர் அறிந்திருந்தது. 1950களில் பொறியியலாளர் ஆறுமுகம் முன்வைத்த ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்னும் திட்டமும் இவ்வறிவின் விரிவே. ஆனையிறவு, வடமராட்சிக் கடனீரேரிகளிலே மாரி நீரைத் தேக்கி நன்னீராக்குவது அதன் நோக்கம். தொண்டைமானாற்றிலே தடுப்பணை எழுந்தது. திட்டமோ முழுமை பெறவில்லை. இன்று குளங்கள் பல தூர்ந்துவிட்டன. வாய்க்கால்களின் மேல் மதில்கள் எழுந்துள்ளன. மாரியில் வீதியிலே தோணி விடலாம் போன்ற நிலை. கோடையிலே கிணற்று நீர் உவர்க்கிறது. இவ்விரண்டும் ஒரே நோயின் இரு குறிகள்.

அண்மைக்கால வரலாறு இதனை மேலும் கடுமையாக உணர்த்துகிறது. 1964 டிசம்பர் 22ஆம் திகதி இலங்கையின் வடபகுதியைத் தாக்கிய புயல், அன்றிரவே கடல் கடந்து தனுஷ்கோடியை அழித்தது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி போரினால் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடு துறந்து, கொட்டும் மழையிலே தென்மராட்சியை நோக்கி நடந்தனர். வேய்ந்த கூரையும் சேர்த்த ஒடியலும் அன்று எவருக்கும் உதவவில்லை. 2008 நவம்பரில் ‘நிஷா’ புயல் மழை கொட்டியபோது, 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து பெயர்க்கப்பட்டோர் பலர் இன்னும் முகாம்களிலே இருந்தனர். 2024 மாரி வெள்ளத்தின் பின் பரவிய எலிக்காய்ச்சல் யாழ்ப்பாணத்திலே உயிர்களைப் பறித்தது. சேற்றிலே இறங்கி உழைப்பவரையே அந்நோய் எளிதிற் பற்றும். மழை பொதுவானது, நனைபவர் யார் என்பதைச் சமூகமே தீர்மானிக்கிறது.

சென்ற மாரியில் எமது வகுப்பு மாணவரை ‘மழைக்காலம்’ என்னும் பொருள் பற்றி எழுதச் சொன்னோம். மயில் ஆடிற்று, தவளை பாடிற்று என்று பலரும் எழுதினர். அவ்வாறு எழுதக் கற்பித்தவர் நாமே. ஒரு மாணவி மட்டும், இரவிலே மழை தொடங்கினால் எந்த இடத்தில் எந்தப் பாத்திரத்தை வைக்க வேண்டும் என்பது தன் சின்னத் தம்பிக்கும் தெரியும் என்று எழுதியிருந்தாள். அவளது கொப்பியின் ஓரங்கள் நனைந்து காய்ந்திருந்தன. எழுத்துப் பிழைகள் இரண்டு கண்டோம். சிவப்பு மையால் அவற்றைத் திருத்த எமக்குக் கை எழவில்லை.

ஆசிரியரும் மாணவரும் செய்யத்தக்கது யாது? மழையை வருணிப்பதோடு நில்லாது, தத்தம் ஊரின் குளம் எது, வாய்க்கால் எவ்வழி சென்றது, அதை அடைத்தவர் யார், பள்ளக் காணியில் வாழ்வோர் யார் என்பவற்றை முதியோரிடம் கேட்டு எழுதுவோம். அவ்வேட்டைக் கொண்டு பிரதேச சபையின் வாசலிலே கேள்வி எழுப்புவோம். புரட்டாதிக்குள் சொந்தக் கூரையை வேய்ந்துவிட்டோம் என்று அமைதி கொள்பவன், மாரியைத் தான் மட்டும் கடக்கிறான். ஊர் முழுவதும் கடக்க வேண்டுமாயின், வாய்க்காலைத் திறக்கும் பணியும், காணியற்றவருக்கு மேட்டு நிலம் கேட்கும் குரலும் மழைக்கு முன்னரே தொடங்க வேண்டும்.