சங்கனும் பதுமனும் போட்ட அணி

சங்கரன்கோவில்காரர்களுக்கு இந்தச் சண்டை புதிதல்ல. சங்கன், பதுமன் என்று இரண்டு நாகராஜர்கள். ஒருவருக்குச் சிவனே பெரியவர், மற்றவருக்குத் திருமால். வழக்கு தீரவில்லை. கடைசியில் கோமதியம்மன் தவமிருக்க, வலப்பக்கம் சிவனும் இடப்பக்கம் திருமாலுமாகச் சங்கரநாராயணர் காட்சி கொடுத்தார் என்கிறது தலபுராணம். ஆடித்தபசுக்குக் கூட்டம் கூடுவது அதற்காகத்தான். ஜோர்டானா, லெப்ரானா என்று இன்று செல்போனில் கூடைப்பந்து ரசிகர்கள் மல்லுக்கட்டும்போது எனக்கு இந்த நாகராஜர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

எல்லாக் காலத்துக்குமான அணி ஒன்றைப் போட்டு, ஆளுக்கு ஆள் நிறுத்தி அளக்கும் பழக்கம் நம்மிடம் பழசு. சிறுபாணாற்றுப்படையில் நத்தத்தனார் பேகன், பாரி, காரி, ஆய், அதிகன், நள்ளி, ஓரி என எழுவர் அணி போட்டார். சும்மா போடவில்லை. அந்த எழுவர் சேர்ந்து இழுத்த கொடைப் பாரத்தை நல்லியக்கோடன் ஒருவனே இழுக்கிறான் என்று தம் தலைவனை உயர்த்தத்தான். புறநானூற்றின் 158-ஆம் பாட்டில் பெருஞ்சித்திரனாரும் அதே எழுவரை வரிசையாகச் சொல்லிவிட்டு, அவர்களுக்குப் பின் நீதான் என்று குமணனிடம் போய் நிற்கிறார். ஆக, குமணன் எட்டாவது ஆள், களத்துக்கு வெளியே பெஞ்சில். பட்டியல் பிரபலமானால் நகல் வராமல் இருக்குமா? பிற்காலத்தார் புராணக் கதைகளிலிருந்து ஆள் பிடித்து முதல் எழுவர், இடை எழுவர் என்று இரண்டு அணிகள் சேர்க்க, பழைய எழுவர் 'கடையெழு' வள்ளல்கள் ஆனார்கள்.

ஐரோப்பாவில் 1312 வாக்கில் ஜாக் தெ லோங்கியோன் என்ற கவிஞர் ஒன்பது வீரர்களைப் பொறுக்கினார். பழஞ்சமயத்தார் மூவர், யூதர் மூவர், கிறிஸ்தவர் மூவர். இடஒதுக்கீடு கச்சிதம்! அங்கும் நகல் வந்தது. ஒன்பது வீராங்கனைகள் பட்டியல் கிளம்பியது. அந்த வீரர்களில் டேவிட், அலெக்சாண்டர், சீசர், சார்லமேன் நால்வரும் பின்னாளில் பிரெஞ்சுச் சீட்டுக்கட்டில் ராஜாக்கள் ஆனார்கள். பாவம், ஹெக்டருக்கு ஜாக்கி வேலைதான் கிடைத்தது.

சீட்டைப் பிடித்துக்கொண்டே போனால் அமெரிக்கா வருகிறது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில், சிகரெட் பாக்கெட் கசங்காமலிருக்க உள்ளே வைத்த அட்டையில் பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படத்தை அச்சடித்தார்கள் வியாபாரிகள். நூறு வருஷம் கழித்து நம்மூர்ப் பெட்டிக்கடையில் தொங்கிய மல்யுத்த டிரம்ப் கார்டு அந்த வம்சம்தான். உயரம், எடை, மார்பளவு, ரேங்க். எங்கள் தலைமுறைக்கு ஒப்பிடக் கற்றுக்கொடுத்த வாத்தியார் அது.

1889-இல் வால்ட்டர் காம்ப், காஸ்பர் விட்னி இருவரின் கைவண்ணத்தில் அமெரிக்கக் கால்பந்துக்கு இடத்துக்கு ஒருவராகப் பதினொருவர் அணி அச்சேறியது. பதினொருவரும் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் மூன்றிலிருந்து மட்டும்! யோசனை காம்புடையதா, விட்னியுடையதா என்பதில் தனிச் சண்டை.

இரண்டே ஆண்டில், 1891 டிசம்பரில், ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நைஸ்மித் இரண்டு பீச் பழக்கூடைகளை மாட்டிக் கூடைப்பந்தைத் தொடங்கினார். இருந்த மாணவர்கள் பதினெட்டுப் பேர். ஆகவே அணிக்கு ஒன்பது பேர். முன்னே மூவர், நடுவே மூவர், காவலுக்கு மூவர். லோங்கியோனின் அதே மூன்று மூன்று, தற்செயலாக.

கற்பனை அணி நிஜமாகக் களமிறங்கியது 1992-இல், பார்சிலோனா ஒலிம்பிக்கில். ஜோர்டான், மேஜிக் ஜான்சன், லாரி பேர்டு என்று பன்னிரண்டு பேர் கொண்ட 'டிரீம் டீம்'. கல்லூரியிலிருந்து கிறிஸ்டியன் லேட்னருக்குக்கூட இடம் கிடைத்தது. டெட்ராய்டுக்கு 1989, 1990 இரு ஆண்டும் பட்டம் வாங்கித் தந்த ஐசயா தாமஸுக்கு இல்லை. இத்தனைக்கும் பயிற்சியாளர் சக் டேலி, அவருடைய டெட்ராய்டு அணியின் பயிற்சியாளர்தான். குமணன் பக்கத்தில் பெஞ்சில் இன்னொருவர்.

எல்லாக் காலத்துக்குமான கூடைப்பந்து அணியில் சென்டர் இடத்துக்கு வந்தால்தான் வழக்கு முற்றும். பில் ரசலிடம் 11 பட்டங்கள். வில்ட் சேம்பர்லினிடம் 1962 மார்ச் 2-ஆம் தேதி ஒரே ஆட்டத்தில் எடுத்த 100 புள்ளிகள். வலப்பாதி ரசல், இடப்பாதி சேம்பர்லின் என்று ஒரே உடம்பில் நிறுத்த, கோமதியம்மன் இன்னொரு தபசு இருந்தால்தான் உண்டு.