வீட்டு மின்கட்டண உயர்வின் காரணங்களைக் கண்டறிதல்

வீட்டு மின்கட்டண உயர்வின் காரணங்களைக் கண்டறிதல் என்பது, ஒரு வீட்டின் மின்கட்டணம் வழக்கத்திற்கு மாறாக மிகுந்து வரும்பொழுது, அதற்குரிய காரணத்தை அளவீடுகளின் துணைகொண்டு படிப்படியாகத் தேடும் முறையாகும். கட்டண உயர்வுக்குப் பொதுவாக நான்கு வகைக் காரணங்கள் உள்ளன. அவை:

1. வீட்டில் பயன்படுத்தப்படும் மின்னாற்றலின் அளவு கூடியிருத்தல்
2. எவருக்கும் பயன்படாமல் மின்சாரம் கசிந்து வீணாதல்
3. மின்மானியிலோ கணக்கெடுப்பிலோ பிழை நேர்ந்திருத்தல்
4. பயன்பாடு மாறாதிருக்கக் கட்டண வீதம் மாறியிருத்தல்

இந்நான்கில் எது நிகழ்ந்தது எனப் பிரித்தறிவதே இம்முறையின் நோக்கமாகும். இவற்றுள் இரண்டாவது காரணம் பொருளிழப்போடு உயிராபத்தையும் விளைவிக்கக் கூடியது. ஆதலால் காரணம் தெரியாத கட்டண உயர்வைப் புறக்கணிப்பது நன்றன்று. இக்கட்டுரையின் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் தமிழ்நாட்டின் இருமாதக் கணக்கீட்டு முறையைத் தழுவியவை. அளவிடும் முறைகள் பிற இடங்களுக்கும் பொருந்தும்.

== அடிப்படைக் கருத்துகள் ==

மின்சாதனம் ஒன்றின் திறன் வாட் என்னும் அலகால் குறிக்கப்படுகிறது. 1000 வாட் திறனுள்ள சாதனம் ஒரு மணி நேரம் இயங்கினால் செலவாகும் ஆற்றல் ஒரு கிலோவாட் மணி ஆகும். இதுவே பேச்சு வழக்கில் ஒரு யூனிட் எனப்படுகிறது. சாதனத்தின் திறனை அது இயங்கும் மணி நேரத்தால் பெருக்கி 1000 ஆல் வகுத்தால் யூனிட்டுகளின் எண்ணிக்கை கிடைக்கும்.

இக்கணக்கில் திறனைப் போலவே நேரமும் முதன்மையானது. 2000 வாட் நீர் சூடேற்றி நாள்தோறும் கால் மணி நேரம் இயங்கினால் 60 நாட்களில் 30 யூனிட் செலவாகும். வெறும் 12 வாட் எடுக்கும் தொலைக்காட்சி இணைப்புப் பெட்டி அணைக்கப்படாமல் நாள் முழுவதும் இயங்கினால் அதே காலத்தில் ஏறத்தாழ 17 யூனிட் செலவாகும்.

== கட்டண விவரத்தை ஆராய்தல் ==

முதலில் நோக்க வேண்டியது யூனிட்டுகளின் எண்ணிக்கையே, தொகை அன்று. யூனிட்டுகள் கூடாமல் தொகை மட்டும் கூடியிருந்தால் வீட்டுச் சாதனங்களைச் சோதிப்பதால் பயனில்லை. கீழ்க்காண்பவற்றை வரிசையாகச் சரிபார்க்கலாம்.

* கணக்கெடுப்பில் பதிவான எண், மின்மானி இப்பொழுது காட்டும் எண்ணை விடக் குறைவாக உள்ளதா? கூடுதலாக இருந்தால் கணக்கெடுப்பில் பிழை நேர்ந்துள்ளது.
* கணக்கெடுப்பு உண்மையில் நடந்ததா, அன்றி வீடு பூட்டியிருந்ததால் பழைய பயன்பாட்டை வைத்து மதிப்பிடப்பட்டதா?
* முந்தைய நிலுவை, தாமதக் கட்டணம், கூடுதல் காப்பு வைப்புத்தொகை ஆகியவை சேர்க்கப்பட்டுள்ளனவா?
* இணைப்பு வீட்டுப் பயன்பாட்டு வகையிலேயே உள்ளதா, வணிக வகைக்கு மாறியுள்ளதா?
* இரு கணக்கெடுப்புகளுக்கும் இடையே எத்தனை நாட்கள் கழிந்துள்ளன?

மொத்த யூனிட்டை நாட்களின் எண்ணிக்கையால் வகுத்து நாட்சராசரியைக் காண வேண்டும். அதனை முந்தைய கணக்கீட்டோடு ஒப்பிடுவதை விட, சென்ற ஆண்டின் அதே பருவத்தோடு ஒப்பிடுவதே முறையாகும். மார்கழி மாதப் பயன்பாட்டைச் சித்திரை மாதப் பயன்பாட்டோடு ஒப்பிட்டால் வெயிலின் விளைவையே பிழையாகக் கருத நேரிடும்.

== அடுக்குக் கட்டண முறையின் விளைவு ==

பயன்பாடு கூடக்கூட யூனிட் ஒன்றின் விலையும் கூடும் முறை அடுக்குக் கட்டண முறை எனப்படும். தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த வீட்டுக் கட்டணத்தை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம். அதன்படி இரு மாதங்களில் 500 யூனிட் வரை பயன்படுத்தியோருக்கு முதல் 100 யூனிட் இலவசமாகவும், 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாயாகவும், 201 முதல் 400 வரை 4.50 ரூபாயாகவும், 401 முதல் 500 வரை 6 ரூபாயாகவும் கட்டணம் இருந்தது. பயன்பாடு 500 யூனிட்டைக் கடந்தால் 101 முதல் 200 வரையிலான அடுக்குக்குரிய மானியம் நீங்கி, அதற்கும் 4.50 ரூபாய் கணக்கிடப்பட்டது. 501 முதல் 600 வரை யூனிட்டுக்கு 8 ரூபாய் ஆயிற்று.

இதன்படி 500 யூனிட்டுக்குரிய கட்டணம் 1725 ரூபாய். 501 யூனிட்டுக்குரிய கட்டணம் 1958 ரூபாய். அதாவது ஒரே ஒரு யூனிட் கூடியதால் கட்டணம் 233 ரூபாய் உயர்ந்தது.

கணக்கெடுப்பு நாள் தள்ளிப்போவதும் இவ்விளைவைத் தரும். நாளொன்றுக்கு 8.2 யூனிட் பயன்படுத்தும் ஒரு வீட்டில் 60 ஆம் நாள் கணக்கெடுத்தால் 492 யூனிட் வரும். கட்டணம் 1677 ரூபாய். 64 ஆம் நாள் கணக்கெடுத்தால் ஏறத்தாழ 525 யூனிட் வரும். கட்டணம் 2150 ரூபாய். நான்கு நாட்களின் 33 யூனிட்டுக்காக 473 ரூபாய் கூடுகிறது. அவ்வீட்டாரின் பயன்பாட்டில் யாதொரு மாற்றமும் இல்லை என்பது இங்கே கருதத்தக்கது. இதற்குப் பின்னர் கட்டண வீதங்கள் திருத்தப்பட்டுள்ளன. ஆதலால் கணக்கிடும்பொழுது அந்தந்தக் காலத்திற்குரிய வீதத்தையே கொள்ள வேண்டும்.

2020 ஆம் ஆண்டின் பொது முடக்கக் காலத்தில் தமிழ்நாட்டில் கணக்கெடுப்பு தடைப்பட்டபொழுது, முந்தைய கணக்கீட்டின் தொகையையே செலுத்தும்படி அறிவிக்கப்பட்டது. பின்னர் நான்கு மாதப் பயன்பாடு ஒன்றாகக் கணக்கெடுக்கப்பட்டு, இரு கூறாகப் பிரிக்கப்பட்டு, முன்பு செலுத்திய தொகை கழிக்கப்பட்டது. தொகைக்குப் பதிலாக யூனிட்டுகளையே கழிக்க வேண்டும் என்று நுகர்வோர் பலர் வாதிட்டனர். இவ்விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது.

இலங்கையில் கணக்கீடு மாதந்தோறும் நடைபெறுகிறது. அங்கு 2022 ஆகத்து மாதத்தில் மின்கட்டணம் சராசரியாக 75 விழுக்காடும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 விழுக்காடும் உயர்த்தப்பட்டது. இத்தகைய காலங்களில் பயன்பாட்டைக் குறைத்த வீடுகளுக்கும் கட்டணம் உயர்ந்தே வரக்கூடும்.

== மின்மானியைக் கொண்டு அளத்தல் ==

யூனிட்டுகளே கூடியுள்ளன எனத் தெரிந்தால், வீட்டில் அப்பொழுது செலவாகும் திறனை மின்மானியைக் கொண்டே அளக்கலாம். தனிக்கருவி எதுவும் தேவையில்லை.

மின்னணு மின்மானிகளின் முகப்பில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு விட்டுவிட்டு ஒளிரும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை ஒளிரும் என்பது அதன் அருகில் பொறிக்கப்பட்டிருக்கும். 36,00,000 என்னும் எண்ணை அவ்வெண்ணாலும், இரு ஒளிர்வுகளுக்கு இடைப்பட்ட வினாடிகளாலும் வகுத்தால் வாட் அளவில் திறன் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, ஒரு யூனிட்டுக்கு 3200 முறை ஒளிரும் மின்மானியில் இரு ஒளிர்வுகளுக்கு இடையே 5 வினாடிகள் கழிந்தால், செலவாகும் திறன் 225 வாட் ஆகும்.

பழைய சுழல்தட்டு மின்மானிகளில் ஒளிர்வுக்குப் பதிலாகத் தட்டின் சுற்றுகளை எண்ண வேண்டும். யூனிட்டுக்கு 600 சுற்றுகள் என்று குறிக்கப்பட்ட மின்மானியில் ஒரு சுற்றுக்கு 60 வினாடிகள் ஆனால், செலவாகும் திறன் 100 வாட் ஆகும்.

== ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தல் ==

1. முதன்மை நிலைமாற்றியை அணைக்காமல், வீட்டிலுள்ள எல்லாச் சாதனங்களையும் நிறுத்தி, செருகிகளையும் பிடுங்கிவிட வேண்டும். தண்ணீர் மோட்டார், வாயில் விளக்கு, மாற்று மின்வழங்கி ஆகியவை மறக்கப்படுவதுண்டு.
2. இந்நிலையில் மின்மானியைக் கால் மணி நேரம் கவனிக்க வேண்டும். விளக்கு ஒளிராமல் நின்றுவிட்டால் கம்பிகளில் குறிப்பிடத்தக்க கசிவு இல்லை எனக் கொள்ளலாம். தேட வேண்டியது சாதனங்களிலேயே.
3. தொடர்ந்து ஒளிர்ந்தால், பகிர்வுப் பெட்டியிலுள்ள சிறு சுற்றுமுறிப்பான்களை ஒவ்வொன்றாக அணைக்க வேண்டும். எதனை அணைக்கும்பொழுது ஒளிர்வு நிற்கிறதோ அச்சுற்றிலேயே பழுது உள்ளது.
4. முதன்மை நிலைமாற்றியை அணைத்த பின்பும் ஒளிர்ந்தால், மின்மானிக்கும் அந்நிலைமாற்றிக்கும் இடையே வேறொரு இணைப்பு இருத்தல் வேண்டும். அன்றேல் மின்மானியே பழுதுபட்டிருத்தல் வேண்டும். இதனை மின்வாரியத்தாரே ஆராய வேண்டும்.
5. கசிவு இல்லையெனில், சாதனங்களை ஒவ்வொன்றாக இயக்கி ஒவ்வொன்றின் திறனையும் அளந்து குறித்துக்கொள்ளலாம்.

இரவு உறங்கச் செல்லும் முன்பும் காலையில் எழுந்தவுடனும் மின்மானியின் எண்ணைக் குறித்து வைப்பதும் பயன் தரும். யாரும் எதையும் இயக்காத நேரத்தில் செலவாகும் யூனிட்டை இது காட்டும்.

== மிகுதியாக மின்சாரம் செலவிடும் சாதனங்கள் ==

* குளிரூட்டி: 1.5 டன் குளிரூட்டி ஏறத்தாழ 1.5 கிலோவாட் எடுக்கும். காற்று வடிகட்டியில் தூசி அடைந்திருந்தாலும், குளிர்பொருள் குறைந்திருந்தாலும், அறை மூடப்படாதிருந்தாலும் அழுத்தி ஓயாமல் இயங்கும். வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்தி வைத்தால் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்று இந்தியாவின் ஆற்றல் திறன் பணியகம் கூறுகிறது.
* குளிர்சாதனப் பெட்டி: நாள் முழுவதும் மின்னிணைப்பில் இருப்பதால் இதன் பழுது எளிதில் புலப்படுவதில்லை. கதவின் இரப்பர்ப் பட்டை தளர்ந்து, அழுத்தி 150 வாட் அளவில் இடைவிடாது இயங்கினால் 60 நாட்களில் 216 யூனிட் செலவாகும். கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்தால் அது தடையின்றி வருமாயின் பட்டை தளர்ந்துள்ளது எனலாம்.
* தண்ணீர் மோட்டார்: ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஏறத்தாழ ஒரு கிலோவாட் எடுக்கும். நிலத்தடிக் குழாயிலோ கழிவறைத் தொட்டியிலோ நீர் ஒழுகினாலும், அடிவால்வு பழுதுபட்டாலும் மோட்டார் கூடுதல் நேரம் ஓடும். நாள்தோறும் அரை மணி ஓட வேண்டியது இரண்டு மணி ஓடினால் 60 நாட்களில் 90 யூனிட் கூடும். இங்கு மின்கட்டண உயர்வுக்குக் காரணம் நீர்க்கசிவே ஆகும்.
* நீர் சூடேற்றி: வெப்பக்கட்டுப்படுத்தி பழுதுபட்டால் நீர் கொதித்த பின்பும் நிற்காது. தேவையற்ற நேரத்தில் இணைப்பில் விடுவதும் வீணே.
* மின்விசிறி: பழைய வகைக் கூரை விசிறி 70 முதல் 80 வாட் எடுக்கும். தூரிகையற்ற மோட்டார் கொண்ட புதிய வகை இதில் பாதிக்கும் குறைவாகவே எடுக்கும்.

== மின்கசிவு ==

கம்பியின் காப்புறை நைந்தோ, சுவரில் ஈரம் ஏறியோ, சாதனத்தின் உட்பகுதி பழுதுபட்டோ மின்னோட்டம் நிலத்திற்குப் பாய்வது மின்கசிவு ஆகும். 230 வோல்ட் வழங்கலில் ஓர் ஆம்பியர் அளவு கசிந்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 5.5 யூனிட், 60 நாட்களில் ஏறத்தாழ 331 யூனிட் வீணாகும். ஓர் ஆம்பியர் கசிவு சாதாரண உருகியையோ சுற்றுமுறிப்பானையோ துண்டிக்கச் செய்யாது. ஆனால் அதனினும் மிகக் குறைந்த மின்னோட்டமே மனித உயிரைப் போக்க வல்லது.

எர்த் கம்பி முறையாக இணைக்கப்படாத வீட்டில், கசியும் மின்சாரம் சாதனங்களின் உலோகப் பகுதிகளிலும் நீர்க்குழாய்களிலும் தங்கி நிற்கும். குழாயைத் தொடும்பொழுது சுரீரென உணர்தல், மழைக்காலத்தில் மட்டும் யூனிட் கூடுதல் ஆகியவை கசிவின் அறிகுறிகள். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் கசிவுச் சுற்றுமுறிப்பானைப் பொருத்துவது இதற்குரிய பாதுகாப்பாகும். அது அடிக்கடி துண்டித்தால், தொல்லையெனக் கருதி அகற்றிவிடாமல் கசிவைத் தேடிச் சீர்செய்ய வேண்டும்.

== அடுக்ககங்களிலும் வாடகை வீடுகளிலும் ==

ஒரே கட்டடத்தில் பல இணைப்புகள் உள்ள இடங்களில், பொதுப் படிக்கட்டு விளக்கு, பொது மோட்டார், அடுத்த வீட்டின் ஓர் அறை ஆகியவை தவறுதலாக ஒருவரது மின்மானியில் இணைந்திருப்பதுண்டு. முதன்மை நிலைமாற்றியை அணைத்துவிட்டு எங்கெங்கு மின்சாரம் நின்றது எனப் பார்ப்பது இதனை வெளிப்படுத்தும்.

இரு இணைப்புகளின் நியூட்ரல் கம்பிகள் ஒன்றாகச் சேர்ந்திருப்பது மற்றொரு காரணம். இந்தியாவில் பயன்படும் ஒருமுனை மின்னணு மின்மானிகள், மின்திருட்டைத் தடுக்கும் பொருட்டு, பேஸ் கம்பி, நியூட்ரல் கம்பி ஆகிய இரண்டிலும் பாயும் மின்னோட்டத்தை அளந்து, அவற்றுள் கூடுதலானதைப் பதிவு செய்யும் வகையில் அமைந்துள்ளன. ஆகவே அடுத்த வீட்டின் மின்னோட்டம் ஒருவரது நியூட்ரல் கம்பி வழியே திரும்பினால், அவர் பயன்படுத்தாத மின்சாரமும் அவர் கணக்கில் ஏறும்.

== மின்மானிப் பிழை ==

கட்டணம் உயர்ந்தவுடன் மின்மானியையே ஐயுறுவது இயல்பு. எனினும் மேற்கூறியவற்றை ஆராய்ந்த பின்னரே அம்முடிவுக்கு வருதல் தகும். ஏனைய சாதனங்களை நிறுத்திவிட்டு 100 வாட் இழை மின்குமிழ் ஒன்றை மட்டும் எரியவிட்டால், யூனிட்டுக்கு 3200 முறை ஒளிரும் மின்மானியில் பத்து ஒளிர்வு இடைவெளிகளுக்கு ஏறத்தாழ 112 வினாடிகள் ஆக வேண்டும். மின்னழுத்தம் ஏறியிறங்குவதால் சிறிது வேறுபாடு இருக்கலாம். ஆகவே இச்சோதனை பெரும்பிழையை மட்டுமே காட்டும். பாதியளவு நேரமே ஆனால் மின்மானியைச் சோதிக்குமாறு உரிய கட்டணத்தைச் செலுத்தி மின்வாரியத்திடம் விண்ணப்பிக்கலாம்.

== முறையீடும் சட்டப் பாதுகாப்பும் ==

இந்தியாவின் மின்சாரச் சட்டம், 2003 இன் 42 ஆம் பிரிவு, மின்பகிர்மான நிறுவனம் ஒவ்வொன்றும் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் ஒன்றை அமைக்க வேண்டும் என்கிறது. அதன் முடிவில் நிறைவு பெறாதவர் மின்குறை தீர்ப்பாளரிடம் செல்லலாம். 56 ஆம் பிரிவின்படி, கட்டணம் செலுத்தாமைக்காக இணைப்பைத் துண்டிக்கும் முன் 15 முழு நாட்கள் எழுத்து மூலம் அறிவிப்புத் தர வேண்டும். கேட்கப்பட்ட தொகை, முந்தைய ஆறு மாதச் சராசரியின்படியான தொகை ஆகிய இரண்டில் குறைவானதை எதிர்ப்பைத் தெரிவித்துச் செலுத்தினால், பிணக்குத் தீரும்வரை இணைப்பைத் துண்டித்தல் கூடாது.

முறையிடுவோர் தம்மிடம் தேதி வாரியாகக் குறித்த மின்மானி எண்கள், மின்மானியின் ஒளிப்படங்கள், முந்தைய கட்டண விவரங்கள் ஆகியவற்றை வைத்திருத்தல் வேண்டும். மாதந்தோறும் ஒரு குறிப்பிட்ட நாளில் எண்ணைக் குறித்து வைக்கும் பழக்கம், உயர்வு எப்பொழுது தொடங்கியது என்பதையும் காட்டிவிடும்.

== பாதுகாப்புக் குறிப்புகள் ==

* மின்மானியின் முத்திரையை எக்காரணம் கொண்டும் உடைத்தல் கூடாது. அது குற்றமாகும்.
* மின்மானியைக் காண்பதும், நிலைமாற்றிகளை இயக்குவதும், செருகிகளைப் பிடுங்குவதும் மட்டுமே வீட்டாரின் பணி. கம்பிகளைப் பிரிப்பதும் கசிவைச் சீர்செய்வதும் உரிமம் பெற்ற மின்பணியாளரின் பணி.
* ஈரக் கையுடனோ வெறுங்காலுடனோ பகிர்வுப் பெட்டியைத் தொடலாகாது.

== இவற்றையும் பார்க்க ==

* மின்மானி
* கிலோவாட் மணி
* மின்கசிவு
* ஆற்றல் சேமிப்பு