பெயர் இருந்தால் கபர் கிடைக்கும்



மதீனாவின் பள்ளிவாசலைப் பெருக்கிச் சுத்தம் செய்துவந்த எளியவர் ஒருவர் இறந்தபோது, அதை ஒரு பெரிய செய்தியாகக் கருதாத தோழர்கள் நபி (ஸல்) அவர்களுக்கு அறிவிக்காமலேயே அடக்கம் செய்துவிட்டனர். அவரைக் காணாமல் விசாரித்து அறிந்த நபியவர்கள், கபரைக் காட்டச் சொல்லி, அங்கே சென்று அவருக்காகத் தொழுதார்கள். இச்செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது. உஸ்மான் இப்னு மழ்ஊன் (ரலி) அவர்கள் அடக்கப்பட்டபோது, அக்கபரை அடையாளம் காண்பதற்காக அதன் தலைமாட்டில் நபியவர்கள் தம் கரங்களாலேயே ஒரு கல்லை வைத்த செய்தி அபூதாவூதில் உள்ளது.

கபரின் மீது கட்டடம் எழுப்புவது வேறு. அதில் உறங்குபவர் இன்னார் என்று அறிய அடையாளம் வைப்பது வேறு. முன்னதை மார்க்கம் தடுத்துள்ளது. பின்னதற்கு நபிவழியில் முன்மாதிரி உள்ளது. இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டு, நம் பட்டணத்துப் போர் நினைவுச் சின்னங்களையும், தொலைதூரத்தில் மறைந்த சிப்பாய்களின் கபர்களையும் பற்றிச் சிறிது ஆராய்வோம்.

நம் கரையோரத்துச் சின்னங்கள்

மணலி புதுநகரிலிருந்து திருவொற்றியூர், இராயபுரம் வழியாகக் கோட்டை நோக்கிச் செல்வோர் துறைமுகத்தைக் கடந்தே செல்ல வேண்டும். 1914 செப்டம்பர் 22 ஆம் நாள் இரவு, ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டன் இத்துறைமுகத்தின் மீது குண்டு மாரி பொழிந்தது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. உயிர்களும் பலியாயின. அதன் நினைவாக உயர்நீதிமன்ற வளாகத்தின் மதிற்சுவரில் ஒரு பலகை பதிக்கப்பட்டுள்ளது. 'எம்டன்' என்ற சொல்லும் நம் பேச்சு வழக்கில் தங்கிவிட்டது. சொல் தங்கிய அளவுக்கு, அன்று மாண்டவர்களின் பெயர்கள் மக்கள் நினைவில் தங்கவில்லை.

அங்கிருந்து சற்றுத் தெற்கே, கடற்கரைச் சாலையின் தொடக்கத்தில் போர் நினைவுச் சின்னம் நிற்கின்றது. முதல் உலகப் போர் வெற்றியின் நினைவாக எழுப்பப்பட்ட அதில், இரண்டாம் உலகப் போரும், நாடு விடுதலை பெற்ற பின் நிகழ்ந்த 1948, 1962, 1965 ஆம் ஆண்டுப் போர்களும் பின்னர் சேர்க்கப்பட்டன.

மூன்றாவது சின்னம் பரங்கிமலைக்கு அருகில், நந்தம்பாக்கத்தில் உள்ள போர் வீரர் கல்லறைத் தோட்டமாகும். 1952 இல் இது அமைக்கப்பட்டது. தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் பல ஊர்களில் சிதறிக் கிடந்து, நிரந்தரப் பராமரிப்புக்கு வழியில்லாதிருந்த இரண்டாம் உலகப் போர்க் கல்லறைகள் இங்கே கொண்டுவந்து சேர்க்கப்பட்டன. அவ்வாறு 856 வீரர்கள் இங்கு உறங்குகின்றனர். முதல் உலகப் போர்க் காலத்தில் இறந்து, பராமரிக்க இயலாத கல்லறைகளில் கிடக்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்களும் இங்குள்ள நினைவுச் சுவரில் உள்ளன. உடல் ஓரிடத்திலும் பெயர் வேறிடத்திலும் இருப்பினும், பெயர் இருப்பதால் தேடி வருவோருக்கு ஒரு வழி கிடைக்கின்றது.

எண்ணிக்கை மட்டும் எஞ்சிய இடங்கள்

வேலூரின் லாங்பஜாரில் உள்ள மணிக்கூண்டின் கல்வெட்டு, அவ்வூரிலிருந்து 277 பேர் முதல் உலகப் போருக்குச் சென்றதையும், அவர்களில் 14 பேர் உயிர் நீத்ததையும் தெரிவிக்கின்றது. அந்தப் பதினால்வர் யார், எங்கே அடக்கமானார்கள் என்பதை அக்கல் சொல்வதில்லை. தம் பாட்டனாரின் கபரைத் தேடும் ஒருவருக்கு '14' என்ற எண் எந்தத் திசையையும் காட்டாது.

இதனினும் பெரிய எடுத்துக்காட்டு ஈராக்கில் உள்ளது. மெசபடோமியாப் போர்க்களத்தில் இறந்து, கபர் அறியப்படாத 40,000க்கும் மேற்பட்டோருக்காக 1929 இல் பஸராவில் ஒரு நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது. 1997 இல் அது நாஸிரிய்யாவுக்கு அருகே மாற்றப்பட்டது. ஆங்கிலேய வீரர்களின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டன. இந்தியச் சிப்பாய்களுக்கோ, படைப்பிரிவின் பெயருக்குக் கீழே 'இத்தனை பேர்' என்ற எண்ணிக்கையே பொறிக்கப்பட்டது.

1917 இல் நிறுவப்பட்ட போர்க் கல்லறை ஆணையம், பதவி, இனம், சமயம் பாராமல் அனைவரையும் சமமாக நினைவுகூர்வதாக உறுதி கூறியிருந்தது. அவ்வுறுதி பலரிடத்தில் மீறப்பட்டதை, 2021 ஏப்ரலில் வெளியான அதன் சொந்த ஆய்வறிக்கையே ஒப்புக்கொண்டது. இந்தியா, ஆப்பிரிக்கா, எகிப்து முதலிய நாடுகளைச் சேர்ந்த 45,000 முதல் 54,000 பேர் வரை சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டனர். குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரால் நினைவுகூரப்படவில்லை, அல்லது அறவே நினைவுகூரப்படவில்லை என்று அவ்வறிக்கை கூறுகின்றது. ஆணையம் அதற்காக மன்னிப்புக் கோரியது.

'ஆங்கிலேயனின் சம்பளத்துக்காகச் சென்றவர்களை, அதிலும் உதுமானியப் படைக்கு எதிரே நிறுத்தப்பட்டவர்களை நாம் ஏன் நினைக்க வேண்டும்?' என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அவர்களைத் தியாகிகள் என்றோ துரோகிகள் என்றோ தீர்ப்பளிப்பது நம் வேலையன்று. எண்ணங்களை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே. வறுமையும் பஞ்சமும் பலரைப் படையில் சேர்த்தன என்பதை வரலாறு அறியும். அவர்களின் பிள்ளைகள் யத்தீம்களாயினர், மனைவியர் விதவைகளாயினர் என்பதும் உண்மை. இறந்தவருக்காகத் துஆச் செய்யும் உரிமை அவர்தம் சந்ததியாருக்கு உண்டு. அதற்கு முதலில் பெயர் வேண்டும்.

பெயரைக் காத்த இரு கபரஸ்தான்கள்

பிரான்சில் காயமுற்ற இந்தியச் சிப்பாய்கள் சிகிச்சைக்காக இங்கிலாந்தின் பிரைட்டன் முதலிய நகரங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அங்கே இறந்த முஸ்லிம்களை அடக்குவதற்காக, லண்டனுக்கு அருகிலுள்ள வோக்கிங் நகரில் தனி அடக்கத்தலம் ஒன்று அமைக்கப்பட்டு, 1917 இல் கட்டி முடிக்கப்பட்டது. போபால் அரசி ஷாஜஹான் பேகத்தின் உதவியால் 1889 இல் எழுந்த பள்ளிவாசல் அந்நகரில் இருந்ததே இதற்குக் காரணம். இரு உலகப் போர்களிலும் சேர்த்து 27 பேர் அங்கே அடக்கப்பட்டனர். காலப்போக்கில் விஷமிகளால் அவ்விடம் சேதமுறவே, 1960களின் இறுதியில் அக்கபர்கள் புரூக்வுட் ராணுவக் கல்லறைக்கு மாற்றப்பட்டன. ஒவ்வொருவருக்கும் பெயர் இருந்ததால்தான் மாற்றும்போது எவரும் தொலைந்துபோகவில்லை. பழைய இடம் 2015 இல் சமாதானத் தோட்டமாகத் திறக்கப்பட்டு, அந்த 27 பெயர்களும் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன.

ஜெர்மனியில் பெர்லினுக்குத் தெற்கே உள்ள வூன்ஸ்டார்ஃபில் முஸ்லிம் போர்க் கைதிகளுக்கென 'பிறைமுகாம்' இருந்தது. 1915 இல் அங்கே மரத்தால் ஒரு பள்ளிவாசலும் கட்டப்பட்டது. அங்குள்ள முகாம்களில் இறந்த இந்தியக் கைதிகள் 206 பேர், பல சமயத்தவரும், அருகிலுள்ள ஸெஹ்ரென்ஸ்டார்ஃபில் அடக்கப்பட்டனர். பின்னாளில் அப்பகுதி சோவியத் படைகளின் பயிற்சிக் களமாகி, கல்லறைகள் சிதைந்தன. அப்படைகள் வெளியேறிய பின், 2005 இல் அது மீண்டும் செப்பனிடப்பட்டது. பதிவேடு பிழைத்திருந்ததால் கற்களும் பெயர்களுடன் மீண்டு வந்தன.

நம் வீடுகளில் தேடுவது எவ்வாறு?

முன்னோர் ஒருவர் போருக்குச் சென்றதாக நம் குடும்பங்களில் பேச்சு உண்டெனில், முதலில் பழைய பெட்டிகளைத் திறந்து பாருங்கள். முதல் உலகப் போரின் வெள்ளிப் பதக்கத்தின் விளிம்பில் சிப்பாயின் எண், பெயர், படைப்பிரிவு ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். இறந்தவரின் குடும்பத்துக்கு அவர் பெயர் பொறித்த வெண்கல வட்டு ஒன்றும் அனுப்பப்பட்டது. பழைய செப்புத் தட்டு என்றெண்ணி இவற்றைக் காயலாங்கடையில் போட்டுவிட வேண்டாம்.

எண்ணும் படைப்பிரிவும் கிடைத்துவிட்டால், போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவுகளை இணையத்தில் தேடலாம். பல பதிவுகளில் தந்தையின் பெயர், ஊர், தாலுகா, ஜில்லா ஆகியவையும் உண்டு. ஆங்கில எழுத்தர்கள் ஷேக், ஸையித், ராவுத்தர் முதலிய பெயர்களைத் தத்தம் காதுக்குக் கேட்டபடி எழுதினர். ஆகவே, ஒரே பெயரை நான்கைந்து வகையாக எழுதித் தேட வேண்டும். தந்தையின் பெயரையும் ஊரையும் ஒப்பிட்டே முடிவு செய்ய வேண்டும்.

அறியப்பட்ட கபரும் கவனிப்பின்றிப் போகலாம். 1948 ஜூலை 3 இல் ஜம்முவின் ஜங்கரில் வீரமரணமடைந்த பிரிகேடியர் முஹம்மது உஸ்மான் மகாவீர் சக்கரம் பெற்றவர். பிரதமர் நேருவே அவரது ஜனாஸாவில் கலந்துகொண்டார். டில்லி ஜாமியா மில்லியாவுக்கு அருகிலுள்ள அவரது கபர் சேதமுற்றுக் கிடந்த செய்தி 2020 டிசம்பரில் வெளியானது. ராணுவம் அதைச் செப்பனிட்டது. அத்தகையவரின் கபருக்கே இந்நிலை எனில், சாமானியரின் கபரைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

நம் ஜமாஅத்தின் கடமை

மணலி புதுநகர் பல ஊர்களிலிருந்து வந்து குடியேறியவர்களின் ஊர். நம்மில் பலருடைய பெற்றோரின் கபர்கள் வெவ்வேறு ஊர்களில் உள்ளன. 2015, 2023 ஆம் ஆண்டு வெள்ளங்களில் நம் பகுதி வீடுகளில் நீர் புகுந்து எத்தனையோ காகிதங்கள் கரைந்தன. இனி வரும் தலைமுறை நம்மைத் தேடினால், அவர்களுக்கு வழிகாட்ட எது இருக்கும்?

உஹதில் ஷஹீதான எழுபது ஸஹாபாக்களில் 65 பேரின் பெயர்களை இப்னு இஸ்ஹாக் தொகுத்தார்கள். விடுபட்டவர்களை இப்னு ஹிஷாம் தேடிச் சேர்த்தார்கள். ஒருவரும் வெறும் எண்ணாக நின்றுவிடக் கூடாது என்னும் அக்கறை நம் முன்னோரிடம் இருந்தது. நம் ஜமாஅத்தின் மரணப் பதிவேட்டிலும் இறந்தவரின் பெயர், தந்தை பெயர், பூர்வீக ஊர், வஃபாத்தான நாள், அடக்கமான கபரஸ்தான், வரிசை ஆகியவை தவறாமல் எழுதப்பட வேண்டும். பதிவேடு இரண்டு படிகளாக இருந்து, ஒன்று வேறிடத்தில் பாதுகாக்கப்பட வேண்டும். ஆதரவற்றோராக இறந்து நாம் அடக்கும் மையித்துகளுக்கும் இதே வரி, இதே இடம் அளிக்கப்பட வேண்டும். பள்ளியைப் பெருக்கியவரின் கபரைத் தேடிச் சென்ற நபியின் உம்மத்தினர் நாம்.

பெயர் தெரிந்தோர், தெரியாதோர் அனைவரின் கபர்களையும் அல்லாஹ் அறிவான். நம் முன்னோரின் பிழைகளைப் பொறுத்து, அவர்களின் மண்ணறைகளை ஒளிமயமாக்குவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.